மென்பொருள் குழுக்களில் அச்சம்

மென்பொருள் குழுக்களில் அச்சம் என்பது, தவறை ஒப்புக்கொண்டாலோ ஐயம் கேட்டாலோ தண்டனையோ ஏளனமோ வரும் என்று உறுப்பினர்கள் எண்ணும் நிலையாகும். இந்நிலையில் நிரலில் வழு இருப்பதை அறிந்தவர் பேசாமலிருப்பார். முடியாத காலக்கெடுவுக்கும் தலையாட்டுவார். எழுதிய அன்றே தெரிந்தால் சில நிமிடங்களில் திருத்தக்கூடிய வழு, பயனர் கைக்குப் போனபின் பல நாள் வேலையாகிறது. வழுக்களை ஆள்வாரியாக எண்ணி மதிப்பெண் போடும் மேலாளரிடம் வழுப் பதிவுகள் குறையும். வழுக்கள் அப்படியே இருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது, சிறந்த செவிலியர் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறுகளை மறைக்காமல் பேசியதே காரணம் என்று அவர் கருதினார். குழுவின் 'உளவியல் பாதுகாப்பு' பற்றிய அவரது கட்டுரை 1999இல் வெளிவந்தது.

மென்பொருள் துறையில் கிட்லாப் நிறுவன நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு. 2017 சனவரி 31 அன்று அங்குள்ள பொறியாளர் ஒருவர், வேறொரு வழங்கி என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். வழக்கமான காப்பு நகல்களும் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ 6 மணிநேரம் முன்பு எடுத்திருந்த ஒரு படியிலிருந்தே தரவுகள் மீட்கப்பட்டன. நிறுவனம் மீட்புப் பணியை நேரலையில் காட்டியது. பின்னர் வெளியிட்ட அறிக்கையில் பொறியாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. காப்பு நகல் எடுப்பது தோல்வியடைந்ததைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் எவரையும் சென்றடையவில்லை என்பதும் அவ்விசாரணையில்தான் தெரிந்தது. அவர்மீது பழிபோட்டு விசாரணையை முடித்திருந்தால் அந்த ஓட்டை அடைபட்டிருக்காது.

இத்தகைய ஆய்வு 'பழிசுமத்தா மீளாய்வு' எனப்படுகிறது. வேண்டுமென்றே செய்த கேட்டை இது மன்னிப்பதில்லை. ஆட்குறைப்பு நடந்துகொண்டிருக்கும் நிறுவனங்களில் இது வெறும் சடங்காகிவிடுவதும் உண்டு.