ஊன்ட்ரொப்: ஜெர்மானிய ஊர்ப்புறத்தில் ஒரு தமிழ்த் தலம்

முன்னுரை

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தைத் திருத்தலமாகப் போற்றுவது தமிழ்ச் சைவ மரபு. ஜெர்மனியின் வடரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில், ஹம் நகரின் கிழக்கே அமைந்த ஊன்ட்ரொப் பகுதி இம்மூன்றையும் பெற்ற வரலாற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

ஊரும் தொழிலும்

லிப்பே ஆற்றை ஒட்டி, வயல்களும் பண்ணைகளும் சூழ இருந்த ஊன்ட்ரொப் 1975இல் ஹம் நகருடன் இணைக்கப்பட்டது. டாட்டெல்ன்-ஹம் கால்வாய் 1914இல் ஹம் நகர்வரை திறக்கப்பட்டு, 1933இல் இப்பகுதிக்கு நீட்டப்பட்டது. நிலக்கரிப் போக்குவரத்திற்குப் பயன்பட்ட அந்நீர்வழியை அண்டி மின்நிலையங்கள் எழுந்தன. இங்கு அமைந்த தோரிய அணு உலை 1985இல் மின்வழங்கத் தொடங்கி, 1989இலேயே நிறுத்தப்பட்டது. கைவிடப்பட்ட மாக்ஸிமிலியன் சுரங்க நிலம் 1984இல் மாநிலத் தோட்டக்கலைக் கண்காட்சிக்காகப் பூங்காவாயிற்று. அங்கு நிலக்கரி கழுவிய கட்டடம், ஹோர்ஸ்ட் ரெல்லெக்கே என்னும் கலைஞரின் வடிவமைப்பில் மாபெரும் கண்ணாடி யானையாக உருமாறி, இன்றும் காண்போரை ஈர்க்கின்றது.

கோயிலின் தோற்றம்

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் ஈழத்தமிழர் பலர் ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்தனர். 1989இல் சிவஸ்ரீ பாஸ்கரக் குருக்கள் ஹம் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் காமாட்சி அம்பாளுக்கு வழிபாட்டிடம் அமைத்தார். 1993இல் அம்பாள் முதன்முறையாக வீதியுலா வந்தாள். ஆண்டுதோறும் அடியார் தொகை பெருகவே, குடியிருப்புப் பகுதியில் இரைச்சலும் வாகன நெருக்கடியும் அயலவரின் முறையீட்டிற்கு இடமளித்தன. வழிபாட்டிடம் நிலைக்குமா என்னும் ஐயமும் எழுந்தது. தீர்வாகக் கிடைத்ததே ஊன்ட்ரொப் தொழிற்பேட்டை நிலம்.

அங்கு 2000இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2002 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நிகழ்ந்தது. ஏறத்தாழ 17 மீட்டர் உயரமுள்ள இராசகோபுரத்துடன், திராவிடக் கட்டடக்கலை மரபில் ஆலயம் எழுந்தது.

விளிம்பு தந்த பேறு

ஊரின் விளிம்பிற்கு ஒதுங்க நேர்ந்தது முதலில் இழப்பாகவே தோன்றியிருக்கலாம். ஆயின் நகர நடுவில் கிட்டாதவற்றை அவ்விளிம்பே நல்கியது. தொழிற்சாலை வாகனங்களுக்கான அகன்ற சாலை தேர்வீதியாயிற்று, கால்வாய் தீர்த்தமாயிற்று. ஆண்டுப் பெருவிழாவில் காவடியும் அங்கப்பிரதட்சணமும் தேரைத் தொடர, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பல்லாயிரவர் கூடுகின்றனர். ஜெர்மானியரும் பார்வையாளராக வருகின்றனர். மறுநாள் கால்வாயில் தீர்த்தவாரி நடைபெறுகின்றது.

முடிவுரை

தாயகத்தில் ஆறும் குளமும் புராண வழியே புனிதம் பெற்றன. ஊன்ட்ரொப் கால்வாய்க்குத் தலபுராணம் இல்லை; ஆண்டுதோறும் நிகழும் சடங்கே அதனைத் தீர்த்தமாக்கியது. ஆகவே அப்புனிதம் சடங்கின் தொடர்ச்சியைச் சார்ந்தே நிற்கின்றது. ஜெர்மன் மொழியில் கற்று வளரும் தலைமுறை தேர்வடத்தைக் கையேற்கும் காலம்வரையே ஊன்ட்ரொப் தமிழர்க்குத் தலமாக விளங்கும். அக்கையேற்பு நிகழும் முறை புலம்பெயர் தமிழாய்வின் முதன்மைக் கருப்பொருளுள் ஒன்றாதல் வேண்டும்.