வெள்ளைக் கட்டையில் ஆறு மேளம்

கீபோர்டில் கறுப்புக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். ஒரு கட்டை எனப்படும் C-இல் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால், மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேல் ஒலிக்கும்; கர்நாடக இசையில் அதுவே சங்கராபரணத்தின் சுரவரிசை. அதே வெள்ளைக் கட்டைகளை இரண்டு கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு வாசித்தால் கரகரப்பிரியா. மூன்றில் தோடி, நான்கில் கல்யாணி, ஐந்தில் அரிகாம்போதி, ஆறில் நடபைரவி.

சுரங்கள் அதே ஏழுதான். சட்ஜம் எது என்பது மட்டும் மாறுகிறது. மேற்கத்திய இசையில் இதற்குப் பெயர் மோட்.

வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு கறுப்பு இருக்கும். ஒரு ஸ்தாயியில் இரண்டு இடங்களில் மட்டும் இருக்காது. அங்கே இடைவெளி பாதிதான். அந்தக் குறுகிய இடைவெளிகள் சட்ஜத்திலிருந்து எத்தனையாவதாக வருகின்றன என்பதே மோடின் குணத்தைத் தீர்மானிக்கிறது. மூன்று கட்டையில் தொடங்கினால் முதல் இடைவெளியே குறுகியது. சுத்த ரிஷபம் வந்து தோடியின் சாயல் தட்டுகிறது. ஏழாவது கட்டையிலோ பஞ்சமமே கிடைக்காது. அதனால் லோக்ரியன் எனும் அந்த மோடுக்கு கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களில் இடமில்லை.

புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டு கட்டையில் தொடங்கி மேலே ஏறி இறங்கினால் மட்டும் போதாது. காது பழைய சட்ஜத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். இடது கையால் கீழ்ஸ்தாயி இரண்டு கட்டையை விடாமல் அழுத்தியபடி வாசித்தால்தான் டோரியன் எனும் மோட், அதாவது கரகரப்பிரியாவின் சுரவரிசை, பிறக்கும். தம்புரா செய்யும் வேலையும் இதுதான்.

ஐரோப்பியத் தேவாலய இசை நெடுங்காலம் எட்டு மோடுகளைக் கணக்கிட்டது. 1547இல் கிளாரியன் என்ற சுவிஸ் அறிஞர் அவற்றைப் பன்னிரண்டாக்கினார். பின்னர் மேஜர், மைனர் இரண்டுமே கோலோச்சின. ஆனால் 1959இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 'சோ வாட்' என்ற இசையை, அரைச்சுரம் தள்ளிய இரண்டு டோரியன்களை மட்டும் வைத்தே கட்டினார்.

தமிழுக்குச் சட்ஜத்தை மாற்றும் இந்த வித்தை புதிதல்ல. சிலப்பதிகாரம் பேசும் ஏழு பாலைகள், குரல் எனும் தொடக்கச் சுரத்தை மாற்றி மாற்றிப் பெறப்பட்டவையே. கர்நாடக இசை இதைக் கிரகபேதம் என்கிறது. மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தைச் சட்ஜமாக்கினால் இந்தோளம்.

ஆனால் டோரியனை வாசித்துவிட்டுக் கரகரப்பிரியா பாடிவிட்டதாகச் சொல்ல முடியாது. சுரத்தை அசைக்கும் கமகமும் ராகத்துக்கே உரிய பிடிகளும் இல்லாமல் ராகம் ஏது? ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே. ஆனாலும் ஆரபி துள்ளி ஓடும், தேவகாந்தாரி நிதானமாக நீண்டு நிற்கும்.