பஜ்ஜிப் பேப்பரும் பெட்ரோல் பங்க் கவிதையும்

பஜ்ஜி மடித்து வந்த பேப்பரை உடனே கசக்கி எறிந்துவிடாதீர்கள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். எண்ணெய் ஊறிய இடம் மட்டும் பளிச்சென்று வெளிச்சத்தை விடும். பின்பக்கத்து எழுத்துகூட இடவலம் மாறித் தெரியும். அதே பேப்பரை இப்போது மேஜை மேல் வையுங்கள். அட! பளிச்சென்று இருந்த இடம் சுற்றிலும் உள்ள பேப்பரைவிடக் கறுத்துக் கிடக்கிறதே!

ஒரே கறை எப்படி வெளிச்சமாகவும் இருட்டாகவும் இருக்கும்?

இந்த மாதிரிக் கறையைக் கவிதைக்குள் கொண்டுவந்த ஒருவர் இருக்கிறார். எலிசபெத் பிஷப் (1911–1979), அமெரிக்கக் கவிஞர், 1956-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 1965-இல் வந்த அவருடைய தொகுப்பில் ‘ஃபில்லிங் ஸ்டேஷன்’ என்றொரு கவிதை உண்டு. நம் பேச்சில் சொன்னால் பெட்ரோல் பங்க்!

ஒரு குடும்பம் நடத்தும் சின்ன பங்க் அது. அப்பா போட்டிருக்கும் வேலை உடுப்பு முழுக்க எண்ணெய். உதவிக்கு நிற்கும் பிள்ளைகள் மேலெல்லாம் கிரீஸ். பிரம்பு சோபாவில் ஓர் அழுக்கு நாய் சுகமாகப் படுத்திருக்கிறது. எண்ணெய் ஊறி ஊறி அந்த பங்க் முழுவதுமே கறுத்துவிட்டது. ஆனால், அந்தக் கறுப்புக்குள் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவுவதையும் பிஷப் கவனித்துச் சொல்கிறார். டார்வினின் நுணுக்கமான கவனிப்பை வியந்து படித்தவர் அவர்; கண் சும்மா இருக்குமா?

சரி, பேப்பருக்கு வருவோம். பேப்பர் என்பது நெருக்கமாகப் பின்னிய மெல்லிய நார்களின் வலை. நார்களுக்கு நடுவே எல்லாம் காற்று. ஒளி காற்றில் வேகமாகப் போகும். நாருக்குள் வேகம் குறையும். காற்றிலிருந்து நார், நாரிலிருந்து காற்று என்று மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒளி வளைந்து, நாலா பக்கமும் சிதறும். அதில் பெரும்பகுதி நம் பக்கமே திரும்பி வருவதால்தான் பேப்பர் வெள்ளையாகத் தெரிகிறது.

எண்ணெய் என்ன செய்கிறது? காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடைவெளிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒளியை வளைக்கும் திறனை ‘ஒளிவிலகல் எண்’ என்பார்கள். காற்றுக்கு அது 1, நாருக்குச் சுமார் 1.5, சமையல் எண்ணெய்க்குச் சுமார் 1.47. நாரும் எண்ணெயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ஒளி அதிகம் சிதறாமல் அந்தப் பக்கம் போய்விடுகிறது. பின்னால் ஜன்னல் இருந்தால் கறை ஒளிரும். பின்னால் மேஜை இருந்தால், நம்மிடம் திரும்ப வேண்டிய ஒளி உள்ளே போய்விட்டதால், கறை கறுக்கும்.

துணியும் நார்தானே! எண்ணெய் ஊறிய துணிக்கும் இதே கதைதான். பங்க்கில் புகைக்கரியும் தூசியும் சேர்ந்துகொள்வதால் கறுப்பு இன்னும் கூடும்.

கவிதையில் தீக்குச்சியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வருகிறது. அது விளையாட்டுப் பேச்சு இல்லை. சுமார் −40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பெட்ரோலிலிருந்து தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். பங்க்கில் நெருப்பே கூடாது என்பது அதனால்தான்.

அடுத்ததாகத்தான் கவிதையின் புதிர் வருகிறது. இத்தனை அழுக்குக்கும் நடுவே ஒரு தொட்டிச் செடி இருக்கிறது. முக்காலி மேல் பூவேலை செய்த குரோஷா விரிப்பு இருக்கிறது. பெட்ரோல் போட வருபவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? பிஷப்பும் இதையேதான் கேட்கிறார். பிறகு தடயங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். விரிப்பு இருக்கிறதென்றால் அதைப் பின்னிய கை ஒன்று இருக்க வேண்டும். செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்ற வேண்டும். அல்லது எண்ணெயையே ஊற்றுகிறார்களோ என்று கேலியும் செய்கிறார்!

‘எஸ்ஸோ’ என்று பெயர் போட்ட எண்ணெய் டப்பாக்களையும் யாரோ ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெயரின் பின்பாதி மட்டும் வரிசையாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மிரளும் குதிரையைச் சமாதானப்படுத்தச் சொல்லும் சத்தம் அது என்று பிஷப்பே விளக்கியிருக்கிறார். பதற்றமான கார்களை யாரோ தட்டிக்கொடுப்பது போல!

அந்த ‘யாரோ’ கடைசிவரை நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் விரிப்பும் செடியும் டப்பாக்களும் அவருடைய அன்பைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலத்தை இரும்புத்தூள் காட்டிக்கொடுக்கிறதே, அப்படி.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எந்தக் கறை அதிகம் ஒளிரும்? காய்ந்த பிறகு எது மிஞ்சும்? எழுதி வையுங்கள். அடுத்த முறை பஞ்சர் கடைக்கோ டீக்கடைக்கோ போகும்போது இன்னொன்றையும் தேடுங்கள்: பழைய பெயின்ட் டப்பாவில் வளரும் ஒரு துளசிச் செடி, கல்லாப்பெட்டி மேல் மடித்துப் போட்ட ஒரு பூத்துணி. யார் வைத்தது என்று கேளுங்கள்.