தறி நின்றது ஏன்?

நமது சங்கங்களில் ஒரு காரியம் கெட்டுப்போனால், நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி "யார் செய்தது?" என்பதே. ஒரு பெயர் அகப்பட்டதும் அபராதமோ கண்டனமோ தீர்மானமாகிக் கூட்டம் கலைந்துவிடும். மூன்று மாதம் சென்றபின் அதே கேடு மீண்டும் தலைகாட்டும். "யார்" என்பதை விடுத்து "ஏன்" என்று கேட்டுச் செல்லும் முறை ஒன்று உண்டு. பெருந்தொழில்களில் இன்று வழங்கும் அம்முறை தறியோடு உறவுடையது என்பதை நெசவாளர் பலர் அறியார்.

ஜப்பானில் 1867இல் ஒரு தச்சர் மகனாகப் பிறந்தவர் சாகிச்சி டொயோடா. அவர் 1891இல் திருத்திய மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அவர் அமைத்த விசைத்தறியில், ஊடை இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். அறுந்த இழையோடு ஓடும் தறி பழுதையே நெய்துகொண்டிருக்கும். பத்து முழம் சென்றபின் கண்ணில் பட்டால் காரணத்தை எங்கே தேடுவது? அறுந்த கணமே நின்ற தறியில் காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒருவரே பல தறிகளைக் கவனிக்கவும் இயலும். 1924இல் அவர் முடித்த தானியங்கித் தறியின் உரிமைக்காக, இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனி 1929இல் 1 லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.

அக்குடும்பத்தாரின் நூற்பு நெசவாலையில் 1932இல் சேர்ந்து, பிற்பாடு அவர்களது மோட்டார் தொழிற்சாலைக்குச் சென்றவர் தாயிச்சி ஓனோ. ஒரு பழுதுக்கு ஐந்து முறை "ஏன்" என்று கேட்கவேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம். 1978இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஓர் உதாரணம் காட்டுகிறார். இயந்திரம் நின்றது, பளு மிகுந்து ப்யூஸ் போயிற்று. ஏன்? பேரிங்கிற்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் அச்சு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாமையால் உலோகத் துகள் உள்ளே புகுந்தது. முதல் விடையோடு நின்றவர் ப்யூஸை மாற்றிவிட்டு வீடு திரும்பியிருப்பார்.

இதை நமது தொழிலில் பொருத்திப் பார்ப்போம். விற்பனை நிலையத்திலிருந்து சிவப்புக் கரைத் துண்டுகள் திரும்பி வருகின்றன. சலவையில் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. சாயத் தொழிலாளிக்கு அபராதம் என்று எழுதப் பேனா எடுத்தாயிற்று. சற்றே பொறுத்துக் கேட்போம். சாயம் ஏன் இறங்கிற்று? ஒட்டாத சாயம் வெந்நீர்ச் சோப்பில் முற்றும் அலசப்படவில்லை. ஏன்? ஒரே அண்டா, இரண்டு நாளில் மாத நூல் முழுவதையும் முடிக்க வேண்டியிருந்தது. ஏன்? நூல் அனைத்தும் ஒரே நாளில் பட்டறை வாசலில் இறங்கிற்று. தறிகளோ காலியாய்க் காத்திருந்தன. அது ஏன்? கொள்முதலுக்கு அனுமதி தரும் நிர்வாகக் குழு மாதத்தில் ஒரு நாளே கூடுகிறது! அண்டாவடியில் தொடங்கிய கேள்வி நம் மேஜைக்கே வந்து சேருகிறது. இது சங்கடமான இடந்தான். ஆயினும், தொழிலாளியின் கூலியில் பிடித்தால் சாயம் நிற்காது. நூலை வாரந்தோறும் அனுப்பினால் நிற்கக்கூடும்.

"கூடும்" என்றோம். ஒவ்வொரு விடையும் வெறும் ஊகமாக இருக்கலாம். திரும்பிய துண்டுகளின் நூல் எந்தத் தேதியில் சாயமேறியது என்று பட்டறைக் குறிப்பில் பார்க்கவேண்டும். நெருக்கடியில்லாத நாட்களின் நூலும் அதே அளவு சாயம் விட்டிருந்தால், நமது சங்கிலி தவறு; தண்ணீரின் உப்பையோ சாயச் சரக்கையோ சோதிக்க வேண்டியதுதான்.

ஐந்து என்பது சாஸ்திரமன்று. மூன்றிலும் முடியலாம், ஏழுக்கும் போகலாம். ஒற்றை வழியே செல்வது இம்முறையின் குறை. அதற்குத் துணையாவது ஜப்பானியப் பேராசிரியர் கவோரு இஷிகாவா வகுத்த மீன்முள் படம். முதுகெலும்பின் நுனியில் பழுதை எழுதி, ஆள், கருவி, சரக்கு, செய்முறை என்று முட்களை வரைந்து, அவ்வவற்றில் தோன்றும் காரணங்களைக் குறிப்பார்கள். (மீன் என்றால் முகஞ்சுளிப்போர் வேப்பங்கொத்து என்று கொள்ளலாம்.) பலர் கூடிய கூட்டத்தில் கரும்பலகையில் இதை வரைந்தால், உரக்கப் பேசுபவரின் காரணம் மட்டுமே நிற்காமல், மூலையில் அமர்ந்திருக்கும் பாவு ஓட்டுபவரின் காரணமும் ஒரு முள்ளாய் இடம்பெறும்.

விவசாய அங்கத்தினருக்கும் இது பயன்படும். களையெடுத்து மேலுரம் இடவேண்டிய வாரத்தில் உரம் வரவில்லையென்றால், லாரிக்காரரைக் கடிவதோடு நில்லாமல், தேவைப் பட்டியல் சங்கத்திலிருந்து எந்தத் தேதியில் புறப்பட்டது, ஏன் அந்தத் தேதியில் புறப்பட்டது என்று கேட்கலாம்.

அடுத்த கூட்டத்திற்குத் திரும்பி வந்த சரக்குப் பட்டியலையும் பட்டறைக் குறிப்பேட்டையும் காரியதரிசி கொண்டுவரட்டும். சாயத் தொழிலாளியையும் அழைத்து, அவருக்கும் ஒரு நாற்காலி போடுவோம்.