வெளிநாடு செல்லும் எமது பெண்களும் அவர்களது பத்திரங்களும்

1990இலும், மீண்டும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் வாகரை, மாங்கேணிப் பகுதி மக்கள் வயலையும் மாட்டையும் விட்டு ஓடவேண்டியிருந்தது. பலர் திரும்பி வந்தார்கள். போன மாடு திரும்பவில்லை. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் பட்ட கடன் வட்டியோடு ஏறும்போது, "மகளை வெளிநாட்டுக்கு அனுப்புவோம்" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அனுப்புவது சரியா, பிழையா என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. போவதானால் சட்டம் அவளுக்கு எவ்விடத்தில் துணை நிற்கும், எவ்விடத்தில் நிற்காது என்பதை விளங்கிக்கொள்வோம்.

முதலில் வயது. வெருகல் ஆற்றுக்கு அப்பால் மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை யாரும் மறந்திருக்க முடியாது. 1988இல் பிறந்த அவர், 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். அவரது கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று எழுதப்பட்டிருந்தது. போய்ச் சில வாரங்களில் அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. பாலூட்டும்போது புரைக்கேறியது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். விசாரிக்கப்பட்டபோது அவருக்குச் சட்டத்தரணி இல்லை. மொழிபெயர்ப்பும் சரியாக அமையவில்லை. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்பது சிறுவர் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயம். சவூதியும் அதனை ஏற்ற நாடே. சம்பவம் நடந்தபோது ரிஸானாவுக்கு வயது பதினேழு. ஆனால் கடவுச்சீட்டின்படி இருபத்து மூன்று. அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு சட்டத்தை, பொய்யாக எழுதப்பட்ட ஓர் ஆண்டு அவருக்கு எட்டாமல் செய்துவிட்டது.

இது எம்மவருக்கு ஏன் முக்கியம்? இடப்பெயர்வில் முதலில் தொலைவது பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத வீட்டுக்குத் தரகர் வந்து, "அதை நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று சொல்லும்போது பாரம் இறங்கியது போல் இருக்கும். அந்த உதவியை ஏற்கவேண்டாம். பிறப்புப் பதியப்பட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம். பதியப்படவில்லையானால் காலம் கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ வழியுண்டு. நாள் எடுக்கும், அலைச்சலும் உண்டு. ஆனாலும் பத்திரம் உண்மையானதாக இருக்கும். வீட்டுப் பணிக்குச் செல்லக் குறைந்த வயது 21. பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்தொன்று ஆக்குகிறவர் உதவி செய்யவில்லை. பிள்ளையின் பாதுகாப்பை விற்கிறார்.

இரண்டாவது ஒப்பந்தம். திருமறையில் யாக்கோபின் கதை எமக்குத் தெரியும். பிறதேசத்தில் லாபானிடம் ராகேலுக்காக ஏழு வருடம் உழைத்தார், கிடைத்தவள் லேயா. பிறகும் கூலி பத்துமுறை மாற்றப்பட்டதாம். இன்றும் நடப்பது அதுவே. இங்கே ஒரு தொகைக்குக் கையெழுத்து, அங்கே இறங்கியதும் அரபு மொழியில் வேறொரு தாள், குறைந்த சம்பளம். ஒரு வீட்டு வேலை என்று போனவள் மூன்று வீடு கூட்டுவாள்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டதே இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். உரிமம் பெற்ற முகவர் நிலையமே ஆட்களை அனுப்பலாம். புறப்படுமுன் பணியகத்தில் பதிவது கட்டாயம். ஒப்பந்தத்தை வாசித்து விளக்குவது முகவரின் கடமை. ஊருக்கு வரும் தரகர் பெரும்பாலும் உரிமம் உடையவர் அல்லர். அவருக்குப் பின்னால் உள்ள நிலையத்தின் பெயரையும் உரிம இலக்கத்தையும் கேட்டு, பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரியுங்கள். கேட்டதும் கோபப்படுகிறாரா? அதுவே பதில்.

பதிவு செய்தவருக்குக் காப்புறுதி உண்டு. முகவருக்கு எதிராக முறைப்பாடு செய்யவும் வழியுண்டு. சுற்றுலா விசாவில் போனவருக்கு இவை கிடைப்பது அரிது. 2022இல் டுபாய் வழியாக ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்களின் அவலம் அப்படிப்பட்டதே. இன்னொன்று: பணிப்பெண்ணின் குடும்பத்துக்குத் தரகர் முற்பணம் தருவதுண்டு. அதைச் செலவழித்தபின் மகள் மனம் மாறினால், "காசைத் திருப்பித் தா" என்று வாசலில் வந்து நிற்பார்கள். ஒப்பந்தத்தைப் பார்க்குமுன் அந்தக் காசில் கை வைக்காதீர்கள்.

அந்நாட்டுச் சட்டங்கள் எப்படி? முன்பு வளைகுடா நாடுகளின் தொழிற்சட்டங்கள் வீட்டுப் பணியாளரைத் தொழிலாளராகவே கணக்கெடுக்கவில்லை. லெபனானின் தொழிற்சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. பின்னர் சில மாற்றங்கள் வந்தன. குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. வாரம் ஒருநாள் ஓய்வு, சம்பளத்துடன் வருடாந்த விடுமுறை, வேலை முடியும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்பனவும் அதில் உண்டு. சம்மதமின்றிக் கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கவும் முடியாது. சவூதியில் 2013இலும் கட்டாரில் 2017இலும் இத்தகைய விதிகள் வந்தன. எழுத்தில் நல்ல சட்டங்கள்தாம். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் யார் போய்ப் பார்ப்பது? மேலும் 'கபீல்' எனப்படும் பொறுப்பாளர் முறையில், அவளது விசா எசமானின் கையில் தங்கியுள்ளது. வீட்டைவிட்டு வெளியேறினால் ஓடிப்போனவள் என்று அவரே முறையிடலாம். புலம்பெயர் தொழிலாளரைப் பாதுகாக்கும் ஐ.நா. சமவாயம் 1990இல் உருவானது. இலங்கை 1996இல் இணைந்தது. ஆட்களை வேலைக்கு எடுக்கும் வளைகுடா நாடுகளில் ஒன்றும் இணையவில்லை.

ஆகவே, வீட்டில் இருக்கும் தாள்களே அவளுக்குப் பலம். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், பதிவுச் சான்று ஆகியவற்றின் போட்டோப்பிரதியைத் தாயிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டுப் போகட்டும். எசமானின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், இலங்கைத் தூதரகத்தின் இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தூதரக இலக்கத்தை அவள் மனப்பாடம் செய்யட்டும், கைத்தொலைபேசியைப் பறித்துவிடுவார்கள். அவளது பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். சம்பளம் வராத மாதத்தை அந்தப் புத்தகம் காட்டிக்கொடுக்கும்.

தொடர்பு அறுந்தால் ஆறுமாதம் காத்திருக்க வேண்டாம். தரகரிடம் மட்டும் சொல்லிவிட்டு வரவும் வேண்டாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்து, பிரதிகளைக் காட்டி, பணியகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியையும் இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். சம்பளம் கிடைக்காமலோ காயத்துடனோ திரும்பி வந்தவர் விமான நிலையத்திலேயே பணியக அலுவலரிடம் சொல்லலாம். வைத்தியத் துண்டையும் விமானச் சீட்டையும் எறிந்துவிடக் கூடாது. காப்புறுதி கேட்கும்போது அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.