பட்டங்களும் புரொஃபைலும்

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் குன்றில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதைக் குடைவித்தவன் பெயர் கந்தசேனன். ஆனால் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டில் அந்தப் பெயரைப் பார்க்க நாம் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். முதலில் பேரரசனின் பட்டங்கள் வரிசையாக வருகின்றன: பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன். அப்புறம் மகேந்திரப் போத்தரசர். அப்புறம் அவருக்கு அடியானான ஒரு சிற்றரசர். அந்தச் சிற்றரசரின் மகன்தான் நம் ஆள். கோயில் கட்டிய சேதி கடைசியில்தான் வருகிறது. பக்கத்துப் பரனூரில், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலை பார்க்கிறவர்கள் பலருடைய லிங்க்ட்இன் பக்கமும் இப்படித்தான் ஓடுகிறது. கம்பெனியின் பெருமை, பிரிவின் பெருமை, வாடிக்கையாளர்களின் பெருமை எல்லாம் முடிந்த பிறகுதான் ‘நான் செய்த வேலை’ எட்டிப் பார்க்கும்.

பட்டம் சூட்டிக்கொள்வதில் பல்லவர்களை யாரும் மிஞ்ச முடியாது. காஞ்சி கைலாசநாதர் கோயில் சுற்றாலைகளில் ராஜசிம்மனின் பட்டங்கள் மட்டும் இருநூறைத் தாண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் அதிரணசண்டக் குடைவரையில் அவன் புகழை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்த ஊர்க்காரன் வந்தாலும் படித்துவிட்டுப் போகட்டும் என்ற ஏற்பாடாக இருக்கலாம். பட்டங்களையும் பாருங்கள். அத்யந்தகாமன் என்றால் எல்லையில்லா ஆசை கொண்டவன். ரணஜயன் என்றால் போரில் வெல்பவன். இன்றைய ‘பேஷனேட்’, ‘ரிசல்ட் ஓரியண்டட்’ இரண்டுக்கும் இதைவிட நெருங்கிய மூதாதையர் கிடைக்கமாட்டார்கள்.

இந்தப் பட்டங்கள் ஆய்வாளர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாமல்லபுரம் தர்மராஜ ரதத்தின் மேல்நிலையில் அத்யந்தகாமன் பெயர் இருக்கிறது. நரசிம்மன் பெயரும் இருக்கிறது. யார் அந்த நரசிம்மன்? வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மனா, அவனுடைய கொள்ளுப்பேரன், இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மனா? பட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1962இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, மாமல்லபுரம் முழுவதும் ராஜசிம்மன் ஒருவனுடைய படைப்பே என்று வாதிட்டார். பல மன்னர்களின் படைப்பு என்ற பழைய கருத்தை உடையவர்கள் அதை விடவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை. கொள்ளுத்தாத்தாவுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் ஒருசேரப் பொருந்துகிற புகழ்ச்சியால் ஆளை அடையாளம் காண முடியாது. ‘வாதாபி கொண்டான்’ என்ற பட்டத்தில் இந்தக் குழப்பமே இல்லை. எந்த ஊர், என்ன செய்தான் என்று இரண்டும் அதிலேயே இருக்கின்றன. 642ஆம் ஆண்டு வாக்கில் நடந்த அந்தப் போருக்கு ஒரே சொந்தக்காரன்தான்.

மன்னர்களை விட்டு, வேலை செய்தவர்கள் பக்கம் வருவோம். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தோட்டம் என்று சொல்லப்படும் இடத்துப் பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கொல்லன் ஸேமகன், திருவொற்றியூர் அபாஜர். ரதங்களைச் செதுக்கிய கைகளாக இருக்கலாம் என்று நம்பப்படுகிறவர்கள். ஒருவர் பெயரோடு தச்சுத் தலைமை. இன்னொருவருக்கு உலை வேலை. மற்றொருவர் வந்த ஊர். ‘ஒப்பற்ற’, ‘ஈடு இணையற்ற’ எதுவும் கிடையாது. ஆனாலும் கொல்லன் ஸேமகனை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறது. உளி மழுங்கினால் வேலை நின்றுவிடும். கருங்கல்லில் அது அடிக்கடி மழுங்கும். உலை வைத்து உளியைத் துவைத்துக் கூராக்கிக் கொடுக்க ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அவன் செய்த வேலைக்கு ‘கொல்லன்’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்திருக்கிறது.

இடையில் பயோடேட்டா காலம் ஒன்று வந்து போனது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவர்கள் வெள்ளைத்தாளில் தட்டி, ஜெராக்ஸ் எடுத்துக் கையிலேயே வைத்திருந்த காலம். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத அதில் இடமே கிடையாது. ஆனால் ஒன்று: மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று அடியில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பயந்தே பலர் அடக்கி வாசித்தார்கள்.

2003இல் லிங்க்ட்இன் வந்தது. தன்னைப் பற்றி எழுத இடம் கொடுத்தார்கள் (இப்போது 2,600 எழுத்துக் குறிகள்வரை), உறுதிமொழி கேட்கவில்லை. பட்டங்கள் மறுபடி முளைத்துவிட்டன. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு அரசவைப் புலவர் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேட்டவர்க்கெல்லாம் ஒரே புகழ்மாலையைக் கட்டித் தருகிறது. ஆனால் திரையில் உடனே தெரிவது முதல் சில வரிகள் மட்டும். மிச்சத்தைப் படிக்க இன்னொரு முறை தட்ட வேண்டும். ஆள் தேடுகிறவர் தட்டுவாரா இல்லையா என்பதை அந்தச் சில வரிகள்தான் முடிவு செய்கின்றன. அங்கே போய் அத்யந்தகாமனை உட்கார வைப்பது வீண் செலவு என்பது என் கட்சி.

சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கும் தங்கை மகன் தன் பக்கத்தைக் காட்டினான். முதல் இரண்டு வரியில் ஆறு பட்டங்கள்.

“நேத்து ஆபீஸ்ல என்னடா பண்ணே?” என்று கேட்டேன்.

“ஒரு பேங்க் ஆப் மாமா. பணம் அனுப்பும்போது நடுவுல நெட் போனா என்ன ஆகுதுன்னு பார்த்தோம். சில போன்ல ரெண்டு தடவை பணம் கழியுது. ரிலீஸுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம்.”

“அதைத்தானே எழுதணும்?”

“பேங்க் பேரைச் சொல்லக்கூடாது மாமா, அக்ரிமென்ட் இருக்கு.”

பெயர் வேண்டாம், வேலையைச் சொன்னால் போதும் என்றேன். யோசித்து யோசித்து எழுதினான்: “வங்கி ஆப்களில் பணம் வழி தவறும் இடங்களை, ஆப் வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் கண்டுபிடிக்கிறேன். பாதியில் அறுந்துபோகும் பரிவர்த்தனைகளில் ஐந்து வருட அனுபவம்.” அதற்குக் கீழே தனக்குத் தெரிந்த கருவிகளின் பெயர்களை அடுக்கினான். அது சரிதான், தேடுகிறவர்கள் அந்தப் பெயர்களைத் தட்டித்தான் தேடுகிறார்கள். ‘டீம் பிளேயர்’ போனது, ‘டைனமிக்’ போனது. ‘பேஷனேட்’ மேல் விரலை வைத்தவன் எடுக்கவே இல்லை.

“இதை எடுத்துட்டா எச்.ஆர்.ல இன்ட்ரஸ்ட் இல்லாத ஆளுன்னு நினைச்சுப்பாங்க மாமா.”

கடைசியில் அதை மட்டும் மூன்றாவது வரிக்கு இறக்குவது என்று இருவரும் சமாதானம் ஆனோம்.