கார்கோ லிஸ்ட்டை இன்றே எழுதிவிடுங்கள்

டீ வரட்டும், சொல்கிறேன். துபாய் கராமாவில் ஒரு குடும்பம் இரண்டு வீட்டுக்குச் சாமான் வாங்குகிறது. ஒன்று, இருக்கிற ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். மற்றது, கீழக்கரையிலோ கும்பகோணத்திலோ பூட்டிக் கிடக்கிற வீடு. "ஊருக்குப் போறப்போ எடுத்துக்கலாம்" என்று கட்டிலுக்கடியில் தள்ளியது அங்கேயே கிடக்கும். வீடு அடைசலாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வீட்டால்தான்.

இதற்கு ஒரு பழைய நியாயம் உண்டு. எழுபது, எண்பதுகளில் ஊரில் வெளிநாட்டுச் சாமான் சுலபத்தில் கிடைக்காது. இறக்குமதிக் கட்டுப்பாடு அப்படி. கோடாலித் தைலம், யார்ட்லி பவுடர், டேங் பொடி, டேப் ரெக்கார்டர் எல்லாம் பெட்டியில் போனால்தான் உண்டு. 1991-க்குப் பிறகு கதவு திறந்தது. யார்ட்லியும் டேங்கும் இன்று ஊர்க் கடையிலேயே இருக்கின்றன. நாம்தான் இன்னும் ஆஃபர் பார்த்து வாங்கி அடுக்குகிறோம்.

அலமாரி மேலே பாருங்கள். டிவி வந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல் சகிதம். மொத்தமாக ஊருக்குப் போகும்போது டிவியைப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டுமாம். 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத்திரை டிவிக்கு இந்தியாவில் பயணிகளுக்கான சுங்க வரிச்சலுகை கிடையாது, எத்தனை அங்குலமாக இருந்தாலும். வரியையும் கட்டிப் பழைய டிவியைத் தூக்கிப் போவதற்கு அங்கேயே புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். ஆகவே முதலில் வெளியே போக வேண்டியது அந்தப் பெட்டி.

ஜப்பானின் மேரி கோண்டோ, பொருளைக் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா என்று பார்க்கச் சொல்வார். நம் ஆட்களிடம் கேட்டால் எல்லாமே தரும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! கார்கோ கடைக்காரர் கேட்கிற கேள்விதான் நமக்குச் சரி: பெட்டியில் என்னென்ன, எத்தனை, எத்தனை கிலோ? எப்படியும் ஒருநாள் எழுதப்போகிற பேக்கிங் லிஸ்ட்டை, அடுத்த மாதம் விசா கேன்சல் என்று நினைத்துக்கொண்டு இப்போதே எழுதுங்கள். பெட்டியைத் தூக்கிப் பார்க்கிற தொங்கு தராசுதான் வீட்டுக்கு வீடு இருக்கிறதே. கிலோவுக்கு இவ்வளவு திர்ஹாம் என்று கொடுத்து இதை அனுப்புவேனா? மாட்டேன் என்றால், அதை இந்த வீட்டில் தினம் புழங்குகிறோமா? அதுவும் இல்லையென்றால் வைத்திருக்கக் காரணமே இல்லை. வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லோடு சேர்த்துப் பத்துக் கிலோவைத் தாண்டும். கோயம்புத்தூரிலிருந்து வந்ததைக் கார்கோ கட்டிக் கோயம்புத்தூருக்கே திருப்பி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். இங்கே வாரம் இரண்டு தடவை மாவு ஆட்டுகிறீர்களா, இருக்கட்டும். ஊருக்கு மட்டும் வேண்டாம்.

லிஸ்ட்டில் "யாருக்கு" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ஆள் பெயர் எழுத வேண்டும், பொதுவாக "ஊருக்கு" என்று எழுதக் கூடாது. அக்கா மகளுக்கு என்று வாங்கிய ஐந்து வயதுக் கவுன் அகப்படும்; அவள் இப்போது எட்டாம் வகுப்பு. பெயர் எழுதப் போனால் பாதி அங்கேயே அடிபட்டுவிடும். அடுக்களையைக் கடைசிக்கு வையுங்கள், அங்கே சண்டை வரும். பழைய பாஸ்போர்ட், அட்டஸ்டேஷன் செய்த சான்றிதழ்கள் தனி உறையில் போகட்டும்; அதில் கழிக்கிற பேச்சே வேண்டாம்.

எழுதி வைப்பதில் இன்னொரு லாபம். கொரோனா முடக்கத்தில் சிக்கியவர்களை ஊருக்கு அழைத்துவர 2020 மே 7-ஆம் தேதி வந்தே பாரத் விமானங்கள் கிளம்பின. வேலை போனவர்கள் பெட்டியோடு ஏறினார்கள். வீட்டுச் சாவி நண்பர் கையில். "பீரோவில் இரண்டாவது தட்டில், நீலப் பைக்குள்ளே" என்று போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தவர்களைக் கேளுங்கள், ஒரு தாளின் அருமை தெரியும்.

கழித்ததைக் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. துணிக்கு ரெட் கிரசன்ட் பெட்டிகள், விற்க டுபிசில் இணையதளம், புதிதாக வந்து பெட்ஸ்பேஸில் தங்குகிறவர்களுக்குப் பாத்திரம். சோபாவைக் குப்பைத் தொட்டி பக்கத்தில் சாத்திவிட்டு வராதீர்கள், அபராதம் வரும். முனிசிபாலிட்டியின் 800900-இல் கேட்டால் வழி சொல்வார்கள். அப்புறம், நீங்கள் காலி பண்ணிய இடத்தைப் பார்த்ததும், கேன்சல் ஆகிப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் தன் கட்டிலை ஓசியில் தர வருவார். மரக்கட்டில் என்றால் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், முக்கியமாகத் திருகு போட்ட மூலைகளில்.